பூமாலையில் ஒரு சிவப்புக் கல்

"என்ன மேடம், கொஞ்ச நாளாக எதையும் வாங்கவில்லையா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

எண்ணெய் இல்லாமல் பொரிக்கும் மெஷின், நான் நடப்பதை வேவு பார்க்கும் வாட்ச், தரையைத் துடைத்துக்கொண்டே போய்க் கட்டிலுக்கடியில் மாட்டிக்கொண்டு அழும் ரோபோ... என் ஷாப்பிங் சரித்திரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு அத்துப்படி. புதிதாகப் படிக்கிறவர்கள் இத்துடன் தெரிந்துகொள்ளுங்கள். எனக்குக் கை சும்மா இருக்காது.

வாங்கினேன். டிஜிட்டல் மைக்ராஸ்கோப்!

பெரிதாக ஒன்றும் இல்லை. பார்க்கச் சின்ன டார்ச் லைட் போல இருக்கும். ஒரு ஸ்டாண்டு. நுனியில் வட்டமாகக் குட்டிக் குட்டி விளக்குகள். ஒயரை லேப்டாப்பில் சொருகிவிட்டால் போதும். அதன் கீழே எதை வைத்தாலும் திரை முழுக்கப் பூதாகரமாகத் தெரியும்.

என் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து ரிட்டயர் ஆனவர். அதிகம் பேசமாட்டார். பார்சலைப் பிரித்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இதுல என்னத்தைப் பார்க்கப் போற?"

நியாயமான கேள்வி.

முதலில் சர்க்கரையைப் பார்த்தேன். பிறகு உப்பு. பிறகு கொள்ளிடக் கரையில் நடந்துவிட்டு வந்தபோது செருப்பில் ஒட்டியிருந்த மணல். மணல் என்றால் மண் நிறம் என்றுதானே நினைக்கிறோம்? இல்லவே இல்லை. பளிங்கு வெள்ளை, தேன் நிறம், நடுநடுவே ரத்தச் சிவப்பில் ஒன்றிரண்டு. இத்தனை நாள் இதையா வாசலில் உதறிவிட்டு வந்தோம் என்று மனசு கேட்கவில்லை. அடுத்து, செத்துக் கிடந்த கரப்பான் பூச்சியின் கால். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் இதனால் ஒரு சங்கடம் வரப்போகிறது.

அப்புறம் லிஃப்டில் ஒரு திருகாணியைக் கண்டெடுத்தேன். யாரோ ஒருவருடைய தோட்டிலிருந்து கழன்று விழுந்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பிரமாதமாகப் படம் எடுத்து, 'இது யாருடையது?' என்று எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. "தண்ணி டேங்க் மூடியா மேடம்?" என்று செக்ரட்டரி கேட்டார்! பிறகு சாதாரணமாக உள்ளங்கையில் வைத்துப் போன் கேமராவில் ஒரு படம் எடுத்துப் போட்டேன். உடனே ஆள் வந்துவிட்டது.

பெரிதாக்கினால் எல்லாம் தெரிந்துவிடும் என்று யார் சொன்னது?

ஆனாலும் விஷயம் பரவிவிட்டது. மாடி மாடியாகப் பெண்கள் நகையோடு வந்தார்கள். எங்கள் திருச்சி செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டும் ஊர். கல்லைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் வைத்திருப்பார்கள். எல்லோருக்கும் தன் நகையைத் திரையில் பார்க்க ஆசை. பார்த்தபின் ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. ஏன் என்கிறீர்களா? தங்கத்துக்குப் பதிலாக அழுக்கு தெரிந்தது. தோட்டின் பின்பக்கம் சோப்பு, பவுடர், மஞ்சள், எண்ணெய் எல்லாம் அடை அடையாக. நாம் நகை போட்டுக்கொள்கிறோமா, நகை நம்மைப் போட்டுக்கொள்கிறதா என்று சந்தேகம் வந்துவிடும். ஒரே ஒரு நல்ல காரியம் நடந்தது. மூன்றாவது மாடி டீச்சரின் சங்கிலிக் கொக்கி தேய்ந்து தேய்ந்து நூல் கனத்துக்கு வந்திருந்ததைக் கண்டுபிடித்தோம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் சங்கிலி பஸ்ஸில் போயிருக்கும்.

இப்படி என் புகழ் ஓங்கியிருந்த ஒரு காலைப்பொழுதில்தான் ரங்கநாயகி மாமி வந்தார்.

மாமி எங்களுக்கு நேர் கீழ் வீடு. அவரும் அவர் கணவரும் மட்டும்தான். பையன் பெங்களூரில். மாமியைப் பார்த்தால் யாருக்கும் பிடித்துவிடும். பெருமாளைச் சேவிக்காமல் காபி குடிக்க மாட்டார். ஆனால் குடிக்கும் காபி நன்றாக இல்லை என்றால் பெருமாள் சன்னதியிலேயே புகார் செய்வார். அப்படி ஒரு ஆள் கொஞ்ச நாளாக வாடி வதங்கியிருந்தார். கன்னம் ஒட்டிவிட்டது. மாமா பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு உடைந்து, புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். அலைச்சல்தான் மாமியை இப்படி ஆக்கிவிட்டது என்று நான் நினைத்தேன்.

மாமி உட்காரவில்லை. கையில் எப்போதும் இருக்கும் நீலச் சுருக்குப் பை. கல்யாண வீடுகளில் தேங்காயும் தாம்பூலமும் போட்டுக் கொடுப்பார்களே, ஜரிகையும் ஜிகினாவும் ஒட்டி, அதே பை. எங்கள் ஸ்ரீரங்கத்தில் எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் அதில் ஒரு கட்டு இருக்கும். மாமிக்கு அதுதான் ஹேண்ட்பேக். பிரசாதம், போன், மாமாவின் மாத்திரை எல்லாம் அதற்குள்தான். அதிலிருந்து ஒரு குங்குமச் சிமிழை எடுத்து, மூடியைத் திறந்து காட்டினார்.

உள்ளே ஒரு சிவப்புக் கல். துவரம்பருப்பு அளவு இருக்கும்.

"வசந்தி, இது பெருமாளோடதான்னு பார்த்துச் சொல்லணும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கினேன்.

ஒரு நாள் சாயங்காலம் கோயிலில் மாமிக்குப் பெருமாளுக்குச் சாத்திய மாலை கிடைத்திருக்கிறது. சும்மா கிடைக்குமா அது? பூரித்துப் போய் வீட்டுக்குக் கொண்டுவந்து, படத்துக்குப் போடலாம் என்று எடுத்து உதறினால், பூவுக்கு நடுவிலிருந்து இந்தக் கல் விழுந்திருக்கிறது. பெருமாளின் ஆபரணத்திலிருந்து கழன்று மாலையில் சிக்கிக்கொண்டதோ? காலையில் முதல் வேலையாகக் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று சிமிழில் பத்திரப்படுத்திவிட்டுப் படுத்திருக்கிறார்.

விடிந்ததும் பாத்ரூமில் மாமா விழுந்துவிட்டார்.

ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, ஆபரேஷன். சிமிழ் ஞாபகம் வந்தபோது நாட்கள் ஓடிவிட்டன. இத்தனை நாள் எதற்கு வைத்திருந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது? அந்தப் பயத்தில் இன்னும் சில நாள். அதற்குள் மாமியின் மனசில் ஒன்று கெட்டியாக உட்கார்ந்துவிட்டது. பெருமாள் சொத்தை ஒரு ராத்திரி வீட்டில் வைத்துக்கொண்டேன். அதனால்தான் இவர் விழுந்தார். இன்னும் வைத்திருக்கிறேன். அதனால்தான் இவர் எழுந்து நடக்கவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டாராம். யாரிடமும் சொல்லவில்லை. மாமாவிடமும்தான். கன்னம் ஒட்டியதன் காரணம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான் உடனே ஒரு சுலபமான வழி சொன்னேன். உண்டியலில் போட்டுவிடுங்கள் மாமி, யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

மாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவரோடதை எடுத்து அவருக்கே காணிக்கையாப் போடறதா? அது என்னடி நியாயம்? என்னோடதா இருந்தாத்தானே நான் குடுக்க முடியும்?"

உண்டியல் யோசனையை அத்துடன் விட்டுவிட்டேன்.

ஆக, விஷயம் இதுதான். கல் பெருமாளுடையது என்றால் என்ன திட்டு விழுந்தாலும் கோயிலில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட வேண்டும். இல்லை என்றால் இந்தப் பாரம் இறங்கிவிடும். இரண்டில் எது என்று என் மைக்ராஸ்கோப் சொல்ல வேண்டும். ஆன்லைனில் ஆஃபரில் வாங்கிய ஒரு சாமானின் தலையில் இவ்வளவு பெரிய பொறுப்பு!

கல்லை வைக்கும் முன்பு மாமி ஒரு கேள்வி கேட்டார். "இதுல முன்னாடி என்னத்தையெல்லாம் வெச்சுப் பார்த்த?"

"மணல் மாமி... உப்பு... சர்க்கரை..."

பேப்பருக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரரின் கண்கள் மெல்ல மேலே எழுந்தன. நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. உள்ளே போய் ஸ்பிரிட்டை எடுத்துவந்து அழுத்தி அழுத்தித் துடைத்தேன். அப்படியும் திருப்தி இல்லாமல் மாமி பையிலிருந்து ஒரு துளசி இலையை எடுத்துக் கீழே வைத்து, அதன்மேல் கல்லை வைத்தார். கரப்பான் பூச்சி விவகாரம் இந்த வாரம் இந்தப் பக்கத்தைப் படித்துத்தான் மாமிக்குத் தெரியப்போகிறது. க்ஷமிக்கணும் மாமி.

திரையில் முதலில் வந்தது துளசி. இலையா அது? மெல்லிய வெள்ளை ரோமங்கள், இடையிடையே மினுமினுக்கும் எண்ணெய்ப் புள்ளிகள். மாமி கை கூப்பினார். நான் சக்கரத்தைத் திருகித் திருகி ஃபோகஸைக் கல்லுக்குக் கொண்டுவந்தேன்.

நான் நிபுணி இல்லை. ஆனால் இந்தச் சாமானை வாங்கியதிலிருந்து கல்லைப் பற்றிக் கண்டதையும் படித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கல்லில் சந்தேகத்துக்கே இடம் இல்லை. உள்ளே உருண்டை உருண்டையாகக் காற்றுக் குமிழிகள். பட்டைகளின் ஓரங்கள் சப்பிய மிட்டாய்போல மழுங்கியிருந்தன. அச்சில் ஊற்றி எடுத்த கண்ணாடி!

ஜட்ஜ் தீர்ப்பு சொல்கிற தோரணையில் சொன்னேன். "கண்ணாடி மாமி. வெறும் கண்ணாடி. நீங்க நிம்மதியா சாப்பிடுங்க."

மாமி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிதானமாகக் கேட்டார். "கண்ணாடின்னா பெருமாளோடது இல்லேன்னு ஆயிடுமா? அவர் சாத்திண்டுட்டா கண்ணாடியும் அவரோடதுதானே?"

மாமி கேட்டது கல் யாருடையது என்று. நான் சொன்னது கல் எவ்வளவு பெறும் என்று. படித்தவர்கள் பாதிப் பேருக்கு இந்த வியாதி இருக்கிறது. கேள்வியைக் காதில் வாங்குவதற்கு முன்பே விலையைச் சொல்லிவிடுவோம்.

தோற்றுப்போனவர்கள் செய்வதைச் செய்தேன். இன்னொரு தடவை பார்த்தேன். புருவம் திருத்துகிற ட்வீசரை எடுத்துவந்து கல்லைக் குப்புறத் திருப்பி வைத்தேன்.

பின்பக்கம் தட்டையாக இருந்தது. வெள்ளிப் பூச்சு. அதன்மேல் காய்ந்துபோன பசை. இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன். பசையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். துணியின் நெசவு அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. ஒரு மூலையில் பசையோடு பிய்ந்து வந்த இழைகள் சில.

நீல இழைகள்.

நான் திரையைப் பார்த்தேன். மாமியின் மடியைப் பார்த்தேன். மறுபடி திரையைப் பார்த்தேன்.

"மாமி, அன்னைக்கு மாலையை எதுல போட்டு எடுத்துட்டு வந்தீங்க?"

"இதோ, இந்தப் பையிலதான். வேற எதுல கொண்டு வருவேன்?"

பையைக் கேட்டேன். மாத்திரைகளை எல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். ஜரிகைக்குக் கீழே, ஜிகினாவுக்கு நடுவே, பையைச் சுற்றிச் சிவப்புக் கற்கள் ஒரு வரிசையாக ஒட்டியிருந்தன. நாங்கள் எல்லோரும் தினம் பார்க்கிற பைதான். அதில் கல் இருக்கிறது என்று யார் கவனித்தோம்? ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்தேன். காய்ந்த பசை. பிய்ந்த நீல இழை. கல்லிலிருந்து உரிந்து ஒட்டிக்கொண்ட வெள்ளிப் பூச்சின் ஒரு துணுக்கு. கல்லின் படத்தையும் பையின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டு எழுந்து வந்தார். குனிந்து பார்த்தார். "போல்ட்டுக்கு நட்டு மாதிரி உக்காருதே" என்றார். முப்பது வருஷ ஒர்க்‌ஷாப் சர்ட்டிபிகேட். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

மாமி சிரிப்பார் என்று நினைத்தேன். எனக்கே சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. இத்தனை நாள் பட்டினி கிடந்தது ஒரு தாம்பூலப் பையின் கல்லுக்காகவா? அந்தப் பையிலேயே அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறாரே!

மாமி சிரிக்கவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"அப்போ... இவர் ஏன் விழுந்தார்?"

நான் இதை எதிர்பார்க்கவே இல்லை. பாரத்தை இறக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாரம்தான் மாமிக்கு ஒரு பிடிமானமாக இருந்திருக்கிறது. தன் தப்பு என்று ஒன்று இருந்தால் அதற்குப் பட்டினி கிடக்கலாம், அழலாம், மன்னிப்புக் கேட்கலாம், ஒரு நாள் சரியாகிவிடும் என்று காத்திருக்கலாம். ஒரு காரணமும் இல்லாமல் கட்டிய கணவர் விழுந்து கிடக்கிறார் என்றால் யாரிடம் போய் என்ன கேட்பது? நமக்கெல்லாம் இது தெரிந்த விஷயம்தானே? வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் நாம் என்ன செய்தோம் என்றுதான் தேடுகிறோம்.

மாமியைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை. கூடவே கீழே இறங்கினேன்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே வாக்கர். அதன்மேல் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும், தினம் பயிற்சி கொடுக்க வரும் பையன் கெஞ்சியும், மாமா காலை ஊன்ற மறுத்துக்கொண்டிருந்தார் என்பது எங்கள் அபார்ட்மென்டுக்கே தெரியும்.

மாமி அவர் எதிரில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். மாலை, கல், சிமிழ், பயம், பட்டினி, பை. ஒன்றையும் விடவில்லை. மாமா குறுக்கே பேசாமல் கேட்டார். பட்டினி என்று வந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். கடைசியில் வாக்கரைப் பார்த்துச் சொன்னார்.

"பையன் பெங்களூர்லேர்ந்து அனுப்பிச்ச பாத்ரூம் மேட்டை நான்தான் சுருட்டி வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி சொருகினேன். கால்ல குத்தித்து. ஈரத்துல வழுக்கித்து, விழுந்தேன். இதுக்குப் பெருமாளை ஏன் இழுக்கற?"

இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று நான்தான் கேட்டேன். மாமா என்னிடம் தணிந்த குரலில் விளக்கினார். ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததிலிருந்து மாமி சரியாகப் பேசவில்லையாம், முகம் கொடுக்கவில்லையாம். மேட்டு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் மனசுக்குள் கோபமாக இருக்கிறார் என்று மாமா பயந்துபோய்விட்டாராம். மறுபடி எழுந்து, மறுபடி விழுந்து, மறுபடி மாமியை அலைய விடுவதா? அதற்கு இந்த நாற்காலியே தேவலை என்று உட்கார்ந்துவிட்டாராம்.

கேட்டீர்களா கதையை! ஒரே வீட்டில் இரண்டு பேர். ஒருவர் சிமிழில் ஒரு கல்லை ஒளித்துக்கொண்டு பயந்திருக்கிறார். இன்னொருவர் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒரு மேட்டை ஒளித்துக்கொண்டு பயந்திருக்கிறார். இரண்டையும் கண்டுபிடிக்க மைக்ராஸ்கோப்பா வேண்டும்? பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தால் போதாதா?

அதற்குப் பிறகு மாமி பேசியதை நான் இங்கே எழுத முடியாது. மூன்றாவது மாடி வரை கேட்டது என்று டீச்சர் சொன்னார். மேட்டு வெளியே வந்தது. அலசப்பட்டது. விரிக்கப்பட்டது. குத்தினால் குத்தட்டும் என்று உத்தரவு போடப்பட்டது. திட்டு வாங்க வாங்க மாமாவின் முகத்தில் ஒரு தெளிச்சி வந்ததைப் பார்க்க வேண்டுமே! துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு, ஒரு அடி வைத்தார். வலியில் முகம் சுருங்கியது. "மெதுவா, மெதுவா" என்று திட்டுக்கு நடுவிலேயே மாமி ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

அன்று ராத்திரி எங்கள் வீட்டு ஜன்னல் வழியாக அப்பளம் பொரிக்கிற வாசனை வந்தது. கீழ் வீட்டிலிருந்துதான். எனக்கும் அன்று நன்றாகப் பசித்தது.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நேற்றுக் காலை கோயிலுக்குக் கூப்பிட்டார் மாமி. போனேன். சேவித்துவிட்டு வெளியே வரும்போது உண்டியல் முன்னால் நின்றார். நீலப் பையிலிருந்து அதே குங்குமச் சிமிழ் வெளியே வந்தது. அதற்குள் அதே கல்.

மறுபடி ஆரம்பித்துவிட்டாரா? மெதுவாக நினைவுபடுத்தினேன். "மாமி, அது கண்ணாடி. உங்க பையில இருந்து விழுந்தது."

"தெரியுமே" என்றார் மாமி. "அதான் எடுத்துண்டு வந்தேன். இப்போ இது என்னோடதுன்னு தெரிஞ்சு போச்சு. இப்போ குடுக்கலாமே!"

கல் உள்ளே விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. மாமி கை கூப்பினார். பையின் வாயைச் சுருக்கிக்கொண்டு, மாமாவுக்கு மாத்திரை கொடுக்க நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தார்.

இனிமேல் அந்தக் கல் யாருடையது என்று யாராவது கேட்டால், மைக்ராஸ்கோப் இல்லாமலே நான் சொல்லிவிடுவேன்.